ஜனவரித் தோட்டம்

போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே மைனஸ் 14 டிகிரி. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஜாக்கெட்டின் நெஞ்சுப் பகுதியை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள். வீட்டுக்குள் வந்து ஜிப்பைத் திறந்து, ஒரு பூனைக்குட்டியை எடுப்பதுபோல ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே நனைந்த டிஷ்யூ பேப்பர், அதன்மேல் இரண்டு அவரை விதை.

"அப்பா, இதான் எங்க ஸ்கூல் கார்டன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில் இருக்கிறோம். அவள் பள்ளிக்கூடத்தின் பின்புறம் மரச்சட்டம் அடித்த நான்கு பாத்திகள் உண்டு. அவற்றின்மேல் அன்றைக்கு ஒரு முழம் பனி. 'தோட்டத்துக்குள் ஓடாதீர்கள்' என்ற பலகையின் தலை மட்டும் வெளியே தெரியும். அவள் சிரிக்கவில்லை. "இது உள்ள இருக்கிற கார்டன்பா" என்று சொல்லிவிட்டு ஃபிரிட்ஜின் மேல், சூடு வரும் இடமாகப் பார்த்து, பையை வைத்தாள்.

நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். எதைப் பார்த்தாலும் இதை எவன் டிசைன் செய்தான் என்று கேட்கும் வியாதி உண்டு. இந்த ஊரில் கடைசி உறைபனி ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ விழும். அதற்குப் பிறகுதான் தக்காளி நாற்றை வெளியே வைக்க முடியும். மே கடைசியில் பள்ளிக்கூடம் மூடிவிடும். ஆகஸ்ட் நடுவில் திறந்தால் அக்டோபரில் மறுபடியும் உறைபனி. அதாவது செடி வளரும்போது பிள்ளைகள் இல்லை, பிள்ளைகள் இருக்கும்போது செடி வளராது. இரண்டு வேலைகள் ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது என்று யாரோ கணக்குப் போட்டுச் செய்ததுபோல இருக்கிறது. நம்மூரிலும் கதை இதேதான், பருவம்தான் தலைகீழ். நான் படித்த பள்ளியில் மார்ச் வரை பொத்திப் பொத்தி வளர்த்த கத்தரியும் செம்பருத்தியும் ஜூனில் போய்ப் பார்த்தால் சருகாக நிற்கும். வேப்பங்கன்று மட்டும் தப்பித்திருக்கும்.

இப்படி ஓட்டைக் கணக்கோடு உள்ள ஒரு விஷயத்தை நூற்றைம்பது வருஷமாக ஏன் மறுபடி மறுபடி முயன்று பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. அந்தக் குளிர்காலத்து வாரக்கடைசிகளை நூலகத்தில் கழித்தேன். படிக்கப் படிக்க நான் கேட்ட கேள்வியே தப்பு என்று புரிந்தது. அமெரிக்காவில் பள்ளித் தோட்டம் கோடையில் பிறந்து குளிரில் மாட்டிக்கொண்ட ஒன்று அல்ல. அதன் மூளை குளிர்காலத்தில்தான் உருவாகியிருக்கிறது. செத்ததெல்லாம் கோடையில்.

*

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃப்ரோபெல் 1840இல் தன் குழந்தைப் பள்ளிக்கு 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தபோது அது வெறும் உவமை இல்லை. பிள்ளைகளுக்கு நிஜமான மண்ணில் நிஜமான பாத்திகள் கொடுத்தார். இன்று நம் தெருமுனை கிண்டர்கார்டன்களில் 'கார்டன்' போர்டில் மட்டும் இருக்கிறது, அது வேறு விஷயம். ஆஸ்திரியா 1869இல் கொண்டுவந்த பள்ளிச் சட்டம் ஊர்ப்புறப் பள்ளிகளில் தோட்டம் வேண்டும் என்றது. இதையெல்லாம் பார்த்துவர பாஸ்டனிலிருந்து ஹென்றி லிங்கன் கிளாப் என்ற தலைமையாசிரியரை மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கம் ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவர் திரும்பிவந்து 1891இல் ராக்ஸ்பரியில் தன் பள்ளிக்கூடத்தில் ஒரு தோட்டம் போட்டார். காய்கறி இல்லை, பக்கத்துக் காட்டில் தானாக முளைக்கும் பெரணியும் காட்டுப் பூச்செடிகளும். அமெரிக்கப் பள்ளித் தோட்டங்களின் வரலாற்றை வழக்கமாக இங்கேதான் தொடங்குவார்கள்.

இந்த இடத்தில் நாம் எல்லோரும் நம்பும் ஒரு கட்டுக்கதையை உடைக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் கோடை விடுமுறை ஏன் வந்தது என்று யாரைக் கேட்டாலும், "அந்தக் காலத்தில் பிள்ளைகள் வயல் வேலைக்குப் போகணும், அதனால்தான்" என்பார்கள். என் ஆபீஸில் மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பேரும் இதையே சொன்னார்கள். ஆனால் விவசாயத்தில் ஆள் அதிகம் தேவைப்படுவது விதைக்கும் வசந்தத்திலும் அறுக்கும் இலையுதிர்காலத்திலும். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிராமப் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டு பருவங்கள் நடந்தன: ஒன்று கோடைப் பருவம், மற்றது குளிர்காலப் பருவம். கோடையில் சின்னப் பிள்ளைகள் வருவார்கள். வயலில் கைகொடுக்கக்கூடிய பெரிய பையன்கள் பள்ளிக்கூடப் பக்கம் தலைகாட்டுவது டிசம்பருக்குப் பிறகுதான். நீண்ட கோடை விடுமுறை நகரத்தின் பழக்கம். வெயிலில் ஊரைவிட்டுப் போன வசதியான குடும்பங்களும் காலியாகிப்போன வகுப்பறைகளும் சேர்ந்து உண்டாக்கியது. பிறகு அது கிராமத்துக்கும் பரவியது.

ஆக, விவசாயி மகனுக்கு எதையாவது சொல்லித்தர வேண்டுமென்றால் அவன் கையில் கிடைப்பது பனிக்காலத்தில் மட்டும். ஓரறைப் பள்ளி, நடுவே கணப்பு அடுப்பு, ஜன்னலில் உறைந்த பனி. தோட்டக்கல்வி அங்கேதான் தொடங்கியாக வேண்டும்.

*

1893இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி. நியூயார்க் நகரத்தில் நிவாரணம் கேட்டு வரிசையில் நின்றவர்களில் பலர் ஊர்ப்புறத்து இளைஞர்கள் என்பதைத் தர்ம காரியக்காரர்கள் கவனித்தார்கள். பண்ணையை விட்டுவிட்டு இவர்கள் ஏன் இங்கே வந்து பட்டினி கிடக்கிறார்கள்? சிறுவயதிலேயே மண்ணில் ஆர்வம் ஊட்டினால் தங்கிவிடுவார்களோ? கேள்வியில் அக்கறையும் உண்டு, 'நகரத்துக்கு வராதே' என்ற எரிச்சலும் உண்டு. நியூயார்க்கை ஒட்டிய வெஸ்ட்செஸ்டர் வட்டாரப் பள்ளிகளில் சோதனை முயற்சி நடந்தது. பிறகு மாநில அரசின் பணம் இத்தகாவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பொறுப்பு லிபர்ட்டி ஹைட் பெய்லி என்ற தோட்டக்கலைப் பேராசிரியரிடம்.

பெய்லி மிஷிகனில் பழத்தோட்டத்தில் வளர்ந்தவர். பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லித்தருவதில்லை என்று முடிவெடுத்தார். எதையும் விளைவிக்கச் சொல்லாமல், பார்க்க மட்டும் சொல்லிக்கொடுக்கலாம் என்றார். 1896 முதல் ஆசிரியர்களுக்கென்று சிறு வெளியீடுகள் கார்னெலிலிருந்து போகத் தொடங்கின. முதலாவதை பெய்லியே எழுதினார். தலைப்பு: பரங்கிச் செடி விதையிலிருந்து எப்படி வெளியே வருகிறது.

இவ்வளவுதானா என்று நினைத்துத்தான் படித்தேன். பரங்கி விதை தட்டையானது, ஓடு கெட்டியானது. உள்ளே இருக்கும் இரண்டு விதையிலைகளும் அந்த ஓட்டிலிருந்து எப்படி வெளியே வரும்? வேரும் தண்டும் சேரும் இடத்தில், சரியாக ஓட்டின் விளிம்பை ஒட்டி, ஒரு சின்னக் கொக்கி முளைக்கிறது. அது ஓட்டின் கீழ்விளிம்பை மிதித்துக்கொள்கிறது. தண்டு வில்லாக வளைந்து மேலே உந்துகிறது. கழற்றமுடியாத பூட்ஸை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டு உருவுவோமே, அதே வேலை. ஓடு மண்ணில் தங்க, இலைகள் வெளியே வருகின்றன. மண் காய்ந்திருந்தாலோ விதை மேலாகக் கிடந்தாலோ கொக்கிக்குப் பிடி கிடைக்காது. செடி தொப்பி போட்டுக்கொண்டு வெளியே வரும். பரங்கி, பூசணி போட்டவர்கள் எல்லோரும் அந்தத் தொப்பியைப் பார்த்திருப்போம். நானும் பார்த்திருக்கிறேன், நகத்தால் கிள்ளி எடுத்தும் விட்டிருக்கிறேன். ஏன் என்று முப்பத்தைந்து வயது வரை கேட்டதில்லை.

இந்தப் பாடத்துக்கு வேண்டியது ஒரு மரப்பெட்டி, கொஞ்சம் மண், ஒரு கைப்பிடி விதை, அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் இடம். பிப்ரவரியில் செய்யலாம். அதற்கு ஒரு எதிரி உண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம். அன்று அடுப்பு அணைந்தால் திங்கள் காலைதான் மறுபடி எரியும். இடையில் ஜன்னலோரம் இருக்கும் செடி உறைந்து கறுத்துவிடும். பெட்டியைத் தூக்கி யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதும் பாடத்தில் சேர்த்திதான். என் மகள் ஜாக்கெட்டுக்குள் பொத்திக்கொண்டு வந்தது ஏதோ புது ஐடியா என்று நினைத்திருந்தேன்.

எனக்கு இன்னும் பிடித்த வெளியீடு ஒன்று உண்டு: நான்கு ஆப்பிள் குச்சிகளைப் பற்றியது. குளிர்காலத்தில் இலையுதிர்ந்த ஆப்பிள் மரத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்துக் கையில் வைத்துப் படிப்பது. 'படிப்பது' என்றுதான் சொல்லவேண்டும். குச்சி நுனியில் இருக்கும் மொட்டைச் சின்னச் செதில்கள் மூடியிருக்கும். வசந்தத்தில் மொட்டு விரிந்ததும் செதில்கள் விழுந்து, விழுந்த இடத்தில் நெருக்கமான வரிகளாக ஒரு வளையத் தழும்பு நிற்கும். அடுத்த வருஷம் இன்னொரு வளையம். இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள நீளம் ஒரு வருஷத்து வளர்ச்சி. நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எந்த வருஷம் நன்றாக வளர்ந்தது, எந்த வருஷம் திணறியது, எங்கே காய்த்தது, எங்கே பூத்தும் காய்க்காமல் போனது எல்லாம் தெரிந்துவிடும். சாஃப்ட்வேர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால் மரம் எழுதிவைத்த லாக் ஃபைல். இலையும் பூவும் மூடியிருக்கும் கோடையில் இதைப் படிப்பது கஷ்டம். மரம் செத்ததுபோல நிற்கும்போதுதான் எழுத்து கண்ணுக்குத் தெரியும்.

இந்த இயக்கத்தை நடத்தியவர்களில் அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக்கைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. பூச்சிகளை மரக்கட்டையில் செதுக்கிப் படமாக்கிய கலைஞர், பூச்சியியல் பேராசிரியரின் மனைவி. ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தவர். 1899இல் கார்னெல் அவருக்கு உதவிப் பேராசிரியர் பதவி தந்தது. ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டமா என்று நிர்வாகக் குழுவில் சிலர் ஆட்சேபிக்க, மறுவருஷமே 'விரிவுரையாளர்' ஆக்கிவிட்டார்கள். பட்டம் திரும்பி வர 1913 ஆயிற்று, முழுப் பேராசிரியராக 1920. நடுவில், 1911இல், அவர் எழுதிய 900 பக்கத்துக்கு மேற்பட்ட இயற்கைக் கல்விக் கையேடு வெளிவந்தது. இன்றும் அச்சில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் வரிசையாக இருக்கும். ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் 'தெரியாது, பார்ப்போம்' என்று சொல்லலாம் என்பது இந்த மனிதர்களின் பொதுவான கொள்கை. எனக்கு வாய்த்த பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லி ஓர் ஆசிரியர் தப்பித்ததாக ஞாபகம் இல்லை.

ஜான் ஸ்பென்சர் என்ற பழத்தோட்டக்காரர் இன்னொருவர். பிள்ளைகளுக்கு 'அங்கிள் ஜான்'. சிறுவர் இயற்கை மன்றங்களை அவர்தான் நடத்தினார். மன்றத்துக்குச் சந்தா உண்டு, ஆனால் காசு இல்லை. மாசம் ஒரு கடிதம். நீ என்ன பார்த்தாயோ அதை எழுதி அனுப்பு, அதுதான் சந்தா. பல்லாயிரம் கடிதங்கள் இத்தகாவுக்கு வந்து குவிந்தன. குளிர்கால மாசங்களில் பிள்ளைகள் எழுத என்ன இருந்திருக்கும் என்று யோசித்தேன். பனியில் முயலின் கால்தடம், ஜன்னலுக்கு வந்த குருவி, அடுப்போரம் முளைத்த விதை. அதற்கு மேல் என்ன வேண்டும்.

*

கார்னெல் பார்க்கச் சொன்னது. மத்திய மேற்கு மாநிலங்களில் சொன்னது வேறு: சோதித்துப் பார்.

கொலம்பஸிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் ஸ்பிரிங்ஃபீல்டு வரும். அங்கே ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி மேற்பார்வையாளர் 1902 ஜனவரி 15 அன்று, அரசுக் கட்டிடம் ஒன்றின் நிலவறையில் பையன்களையும் பெண்பிள்ளைகளையும் கூட்டி ஒரு விவசாய மன்றத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் '4-ஹெச்' இளையோர் இயக்கத்தின் தொடக்கங்களில் ஒன்றாக இந்தக் கூட்டத்தைத்தான் சொல்கிறார்கள். தேதியைக் கவனியுங்கள். தோட்டச் சங்கத்தை நடு ஜனவரியில் தொடங்கியிருக்கிறார். வீட்டு மண்ணைக் கொண்டுவரச் சொல்லி லிட்மஸ் தாளால் புளிப்புத் தன்மை பார்ப்பது, விதை தேர்ந்தெடுப்பது, எதை எங்கே நடுவது என்று திட்டம் போடுவது — எல்லாமே அறைக்குள் செய்கிற வேலைகள். நிலம் கரைந்த பிறகு அவரவர் வீட்டு வயலில் நடவு. பள்ளிக்குத் தோட்டமே தேவையில்லை. கோடையில் யார் தண்ணீர் விடுவது என்ற பிரச்சினையை அவர் இப்படித் தாண்டிவிட்டார். ஓர் இன்ஜினியராக எனக்கு இவர்மேல் தனி மரியாதை.

அதே காலத்தில் அயோவாவில் ஜெசி ஃபீல்டு என்ற இளம் ஆசிரியை பையன்களுக்கு மக்காச்சோள மன்றமும் பெண்களுக்கு வீட்டுக்கலை மன்றமும் நடத்தினார். வயல் கணக்குகளை வைத்தே ஒரு கணிதப் புத்தகமும் போட்டார். இந்தப் பள்ளிகளின் குளிர்காலத்து முக்கிய வேலை மக்காச்சோள விதைச் சோதனை. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அப்போது கலப்பின விதைப் பாக்கெட் கிடையாது. போன அறுவடையில் எடுத்துவைத்த கதிர்களே அடுத்த விதை. கதிர் முழுதாகக் காய்வதற்குள் கடும் உறைபனி பட்டால், மணிக்குள் இருக்கும் ஈரம் உறைந்து முளைக்கரு செத்துவிடும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே மஞ்சள், அதே பளபளப்பு. ஒரு கதிரில் ஏறக்குறைய 800 மணி. செத்த கதிர் ஒன்று விதைக்குள் கலந்தால் வயலில் 800 இடம் சொட்டை. அது தெரியவரும்போது மே மாதம் முடிந்திருக்கும், மறுபடி விதைக்க நேரம் இருக்காது. அயோவா வேளாண் கல்லூரியின் பெர்ரி ஹோல்டன் 1904இல் ரயிலேறி ஊர் ஊராகப் போய் இதையே ஒரு மதப் பிரச்சாரம்போலச் சொன்னார். நல்ல விதைக்காக ஓடிய அந்த ரயில்களுக்கு 'நற்செய்தி ரயில்' என்றே பெயர்.

சோதனை எளிது. கதிர்களுக்கு நம்பர் போடு. ஒரு துணியில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்துக் கட்டங்களுக்கும் அதே நம்பர் கொடு. ஒவ்வொரு கதிரின் அடி, நடு, நுனி என்று ஆறு மணிகளை எடுத்து அதனதன் கட்டத்தில் வை. துணியை நனைத்துச் சுருட்டு. சுருட்டிக் கட்டினால் பழந்துணிப் பொம்மைபோல இருக்கும், பெயரும் அதுதான். ஒரு வாரம் கதகதப்பில் வைத்துப் பிரித்துப் பார். ஆறும் தெம்பாக முளைத்திருந்தால் கதிரை வைத்துக்கொள், இல்லாவிட்டால் பன்றிக்குப் போடு. எங்கள் தொழிலில் ரிலீஸுக்கு முன்னால் டெஸ்ட் ஓட்டுவது என்கிறோமே, அதுதான். பத்து வயசுப் பையன் ஒருவன் பிப்ரவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, "அப்பா, நீங்க எடுத்துவச்சதுல பதினேழாம் நம்பர் செத்தது" என்று சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். மண்ணைப் பற்றி மகன் சொல்லி அப்பன் கேட்பது அந்த வீட்டில் முதல் முறையாக இருந்திருக்கும்.

*

இவ்வளவு நேரம் நல்லதாகவே சொல்லிவந்தேன். தெற்கே, அலபாமாவுக்குப் போகும்போது கதை அப்படி இருப்பதில்லை.

அங்கே கறுப்பின விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வருஷத்தில் சில மாசங்கள்தான். பருத்திக்குக் களையெடுக்க, பறிக்க, கை வேண்டும். அந்த வேலைகள் ஓய்ந்த குளிர்காலத்தில்தான் வகுப்பு. டஸ்கீகியில் பணியாற்றிய ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், கிராமப் பள்ளிகளுக்கான இயற்கைக் கல்வி, தோட்டம் பற்றி 1910இல் ஒரு சிற்றேடு எழுதினார். அலபாமாவின் குளிர் ஒஹையோவின் குளிர் இல்லை. டர்னிப்பும் காலர்ட் கீரையும் குளிர்காலத்திலேயே நிலத்தில் நிற்கும். பனி பட்டால் காலர்டுக்கு ருசி கூடும் என்பார்கள். பள்ளி நடக்கும் மாசமும் செடி நிற்கும் மாசமும் ஒன்றாக அமைந்த ஊர் இதுதான். அப்படி அமைந்ததற்குக் காரணம் பருத்தி முதலாளியின் காலண்டர்.

அடிமைகளாக நிலத்தில் கட்டிப்போடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் மண்வெட்டியா? டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1903இல் வெளிவந்த தன் நூலில் டஸ்கீகியின் தொழிற்கல்விப் பாதையைக் கடுமையாக எதிர்த்தார். உயர்கல்வியை விட்டுக்கொடுத்துக் கைத்தொழில் மட்டும் கற்றால் எப்போதும் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டியதுதான் என்பது அவர் வாதம். கார்வர் தரப்பில், இன்றைக்குப் பசிக்கு வழி என்ன என்ற கேள்வி. இரண்டையும் படித்தபோது 1953 நினைவுக்கு வராமல் இல்லை. அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்ததும், 'குலக்கல்வி' என்று பெயர் பெற்று மறுவருஷமே அது போனதும் என் தாத்தா வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த கதைகள். டாக்டர் மகன் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினால் இயற்கைக் கல்வி. கூலிக்காரன் மகன் ஊற்றினால் அது பயிற்சி. தோட்டம் ஒன்றுதான். அதில் நிற்கும் பிள்ளை நாளைக்கு வேறு எங்காவது போகலாமா, கூடாதா என்பதில்தான் வித்தியாசம். பெய்லி இதை ஓரளவு உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். அதனால்தான் பிள்ளைகளை விவசாயி ஆக்குவது நோக்கம் அல்ல என்று திரும்பத் திரும்ப எழுதினார். ஆனால் அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் அவர்களை விவசாயிகளாகவே வைத்திருக்கத்தான் கொடுத்தார்கள்.

*

எல்லா இழைகளும் வந்து முடிச்சு விழுந்தது 1917-18 குளிர்காலத்தில். அமெரிக்கா உலகப் போரில் இறங்கிய முதல் குளிர்காலம். கொடுமையான குளிர், ஒஹையோ நதியே உறைந்து சின்சினாட்டியில் மனிதர்கள் நடந்து கடந்தார்கள். ரயில்கள் முடங்கி நிலக்கரி வரவில்லை. எரிபொருள் நிர்வாகியான ஹாரி கார்ஃபீல்டு ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டார்: மிசிசிப்பிக்குக் கிழக்கே ஆலைகள் ஐந்து நாள் மூடல், பிறகு திங்கட்கிழமைதோறும் மூடல். பல ஊர்களில் கரியில்லாமல் பள்ளிகளும் மூடின.

இதற்கிடையே இன்னொரு விபத்து. 1917 இலையுதிர்காலத்தில் உறைபனி முந்திக்கொண்டதால் மத்திய மேற்கின் மக்காச்சோளம் ஈரத்தோடு மாட்டிக்கொண்டது. குவித்துவைத்த கதிர்களில் பெரும்பகுதி விதைக்கு உதவாது. ஐரோப்பாவுக்குச் சோறு போடுவோம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்த நாட்டில் எது உயிருள்ள விதை என்று யாருக்கும் தெரியவில்லை. சோதித்தால் மட்டும்தான் தெரியும். பத்துப் பதினைந்து வருஷமாக ஓரறைப் பள்ளிகளில் விளையாட்டுப்போல நடந்துவந்த துணிப் பொம்மை வேலை அந்த வசந்தத்துக்குள் நாட்டின் அவசரத் தேவையாகிவிட்டது.

அதே குளிரின் முடிவில்தான் வாஷிங்டனில் கல்வித் துறை 'அமெரிக்கப் பள்ளித் தோட்டப் படை' ஒன்றை உருவாக்கியது. அதிபர் உட்ரோ வில்சன் தன் போர்க்கால நிதியிலிருந்து 50,000 டாலர் கொடுத்தார். தலைவராக வந்தவர் ஜே. எச். ஃபிரான்சிஸ், எங்கள் கொலம்பஸின் பள்ளிக் கண்காணிப்பாளர். இந்த முறை குறி கிராமம் இல்லை, நகரத்துப் பிள்ளைகள். கொல்லைப்புறம், காலி மனை, எங்கே மண் கிடைத்தாலும் நடு. பிள்ளைகள் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டார்கள், கேப்டன், லெப்டினன்ட், சிப்பாய், சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ். 1918இல் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 15 லட்சம். கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் தங்கை மாஜினெல் வரைந்த ஒரு போஸ்டர் உண்டு. குழலூதிக்குப் பின்னால் பிள்ளைகள் கூட்டம் மண்வெட்டியும் களைக்கொத்தியும் ஏந்திக்கொண்டு போகிறது. அழகான படம். ஆனால் அந்தப் பழைய கதையில் குழலூதிக்குப் பின்னால் போன பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. படத்தை அச்சடித்தவர்களுக்கு அது ஞாபகம் இருந்ததா என்று யோசிக்கிறேன்.

படையின் கணக்கு விளைச்சலில் ஓடியது. எத்தனை பிள்ளை, எத்தனை ஏக்கர். பரங்கி விதையின் கொக்கியை வேடிக்கை பார்க்க நேரமில்லை. நவம்பரில் போர் முடிந்தது. சிறிது காலத்திலேயே பணமும் நின்றது, படையும் கலைந்தது. கோடை மாசங்களில் தோட்டத்தை மேய்க்கும் ஆசிரியருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற பழைய கேள்விக்கு, போர் இருந்தவரை தேசபக்தி பதில் சொன்னது. அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. காலி மனைகளில் வீடுகள் வந்தன.

எல்லாமே போய்விடவில்லை. நியூயார்க்கில் புரூக்ளின் தாவரவியல் பூங்காவில் எல்லன் எடி ஷா 1914இல் தொடங்கிய சிறுவர் தோட்டம் இன்றும் நடக்கிறது. பூங்கா ஜூனில் மூடுவதில்லை. அதற்கென்று சம்பளம் வாங்கும் ஆட்கள் கோடையிலும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இது சாத்தியப்படவே இல்லை. 1995இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆலிஸ் வாட்டர்ஸ் ஒரு நடுநிலைப் பள்ளியில் தொடங்கிய தோட்டம் உலகப் புகழ்பெற்றது, நல்ல காரியம்தான். ஆனால் அங்கே டிசம்பரிலும் கீரை வளரும். அதைப் பார்த்துவிட்டு ஒஹையோவில் மரச்சட்டம் அடித்துப் பாத்தி போடுகிறோம். பாதி வருஷம் அது பனிக்குள் கிடக்கிறது. பிப்ரவரியில் அங்கே போய் அந்த ஓரத்து மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மகளின் ஆசிரியைக்குத் தோன்றியது, குறைந்தபட்சம் ஒரு டிஷ்யூ பேப்பர் அளவுக்கு. அவர் கார்னெல் வெளியீடுகளைப் படித்திருப்பாரா தெரியாது. படிக்காமலே கை அங்கே போயிருக்கும்.

*

அவரை நான்காம் நாள் வேர் விட்டது. இரண்டில் ஒன்றுதான். மற்றது கொழகொழத்து நாறத் தொடங்கியது. "பாதி பாஸ்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் இருக்கும் காட்டு ஆப்பிள் மரத்திலிருந்து காற்றில் ஒடிந்து விழுந்த ஒரு கொப்பை எடுத்துவந்தேன். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து இருவரும் உட்கார்ந்தோம். நுனியிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தோம். முதல் வளையத்துக்கு வந்ததும் "இதுவரைக்கும் போன வருஷம்" என்றேன். பிறகு அவளே விரல் வைத்து எண்ணினாள். இரண்டு, மூன்று, நான்கு. சில இடத்தில் வளையம் தேய்ந்துபோய்ச் சந்தேகமாக இருந்தது. மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தோம். ஏழாவதில் நிறுத்தினாள்.

"இதுதான் நான் பொறந்த வருஷமா?"

"ஆமா."

"ரொம்பக் குட்டையா இருக்கே. ஏன்?"

விரலளவுகூட இல்லை, அரை இன்ச் இருந்தால் அதிகம். அதற்கு முந்தைய வருஷமும் பிந்தைய வருஷமும் சாண் நீளம். மழை இல்லையா, பூச்சியா, யாராவது வெட்டினார்களா, பக்கத்து மரத்து நிழலா?

"தெரியலைம்மா. பாக்கலாம்" என்றேன்.

அவள் கொப்பை ஒரு தண்ணீர் டம்ளரில் நிறுத்தி, ஃபிரிட்ஜின் மேல், முளைவிட்ட அவரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.